பக்கத்தின் பெயரைத் தாங்குவது யார்?

வலைத்தளம் அமைக்கப் புதிதாகக் கற்பவர்களுக்கென எழுதப்பட்ட மென்பொருள்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே சமயத்தில் மூன்று பெயர்கள் அமைகின்றன. அவை மூன்றும் மூன்று வேறு திறத்தாரை நோக்கியவை என்பது கற்பவருக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. முதலாவது பக்கத்தின் தலைப்பு. அது உலாவியின் மேல் விளிம்பிலும் தேடுபொறி தரும் முடிவுகளிலும் தோன்றி, வாசிக்க வருபவருக்கு உள்ளே இருப்பது இன்னதென அறிவிக்கிறது. இரண்டாவது தளத்தின் மெனுவில் இடம்பெறும் குறும்பெயர். அது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவருக்கு வழிகாட்டுவது. மூன்றாவது கோப்பின் பெயர். பக்கங்களைச் சேமித்து வைத்துக் கேட்பவருக்கு அனுப்பும் சர்வர் என்னும் கணினி அந்தப் பக்கத்தை எந்தப் பெயரால் அறிகிறதோ அந்தப் பெயர், இணைய முகவரியின் கடைசிப் பகுதியாக நின்று, தளத்தை அமைத்தவர் ஒருபோதும் சந்திக்காத மனிதர்களின் கடிதங்களிலும் கட்டுரைகளிலும் பிற தளங்களிலும் படியெடுக்கப்படுகிறது. முதல் இரண்டையும் உரிமையாளர் விரும்பியபோது திருத்திக்கொள்ளலாம். அதனால் எவருக்கும் இழப்பில்லை. மூன்றாவதைத் திருத்தினால், அதை நம்பி எழுதிய அனைவருடைய சுட்டும் வெற்றிடத்தைச் சுட்டத் தொடங்குகிறது. பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான பிணைப்பு எத்தகையது, அதைத் தாங்குவது யார் என்று இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வினா, கோப்பைச் சேமிக்கும்போது மென்பொருள் கேட்கும் ஒரு சிறு கேள்வியில் மீண்டும் எழுகிறது. எளிய செயலொன்றில் எழுவதாலேயே, பழைய விடைகளின் வலிமையையும் குறையையும் சோதித்துப் பார்க்க அது இடம் தருகிறது.

மென்பொருள்கள் இக்கேள்வியை ஒரே விதமாகக் கேட்பதில்லை. 1996 ஜனவரியில் வெர்மீர் டெக்னாலஜீஸ் என்னும் நிறுவனத்தோடு மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2003ஆம் ஆண்டுப் பதிப்போடு நிறுத்திய ஃப்ரண்ட்பேஜ், புதிய பக்கத்துக்குத் தானாகவே ‘நியூ பேஜ் 1’ என்னும் தலைப்பையும், அதே சொற்களை அடிக்கோட்டால் இணைத்த கோப்புப் பெயரையும் இட்டுக்கொடுத்தது. கற்பவர் பலர் அதை மாற்றாமலே வெளியிட்டுவிட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத எண்ணற்ற பக்கங்கள் ஒரே தலைப்போடு உலகில் உலவின. பின்னர் ஒருவர் கோப்பின் பெயரை மாற்ற முனைந்தால், அதைச் சுட்டும் பிற பக்கங்களின் இணைப்புகளையும் சேர்த்துத் திருத்தலாமா என்று அந்த மென்பொருள் கேட்டது. அது அக்கறையான ஏற்பாடுதான். ஆயினும் அத்திருத்தம் அந்த ஒரு தளத்தின் எல்லையைத் தாண்டவில்லை, வெளியே இருந்து சுட்டியவர்களை எட்டவும் இல்லை. 2006இல் ஆப்பிள் வெளியிட்ட ஐவெப் இன்னும் எளிமையை நாடி, பக்கத்துக்கு ஒரே பெயரை மட்டும் கேட்டு, அதையே மெனுவிலும் கோப்பிலும் பயன்படுத்தியது. அதன் விளைவாக மெனுவில் ஒரு சொல்லை அழகுபடுத்த நினைத்தவர், தாம் அறியாமலே பக்கத்தின் முகவரியை மாற்றியவரானார். 2003இல் தோன்றிய வேர்டுபிரஸ், தலைப்பிலிருந்து ஸ்லக் என்னும் முகவரிப் பெயரை ஒருமுறை உருவாக்கிக்கொண்டு, பதிவு வெளியான பின் தலைப்பு எத்தனை முறை மாறினாலும் அப்பெயரைத் தொடாமல் விடுகிறது. இம்மூன்றனுள் பெயரின் இயல்பைச் சரியாக உணர்ந்தது கடைசியது. பெயர் இடப்படும் வேளையில் பொருளின் தன்மையைப் பார்த்துக்கொள்ளலாம். இடப்பட்ட பின், தன்மை மாறினாலும் பெயர் நிற்கவேண்டும் என்னும் கொள்கை அதன் அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது.

இக்கொள்கையைத் தமிழ் இலக்கண மரபின் வகைப்பாடு ஒன்று தெளிவாக்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது. காரணம் எதையும் கருதாமல் வழங்கிவரும் பெயர் இடுகுறிப்பெயர். மரம் என்பது அதற்கு எடுத்துக்காட்டு. பொருளின் இயல்பையோ செயலையோ காரணமாகக் கொண்டு வரும் பெயர் காரணப்பெயர். பறப்பதால் பறவை எனப்படுவது அவ்வகை. உரையாசிரியர்கள் இவ்விரண்டுக்கும் நடுவே காரண இடுகுறி என்னும் வகையையும் கொண்டனர். முள்ளுடைய செடிகள் பல இருந்தும் முள்ளி என்னும் பெயர் அவற்றுள் ஒன்றுக்கே வழங்குவதால், அதில் காரணம் உண்டு. ஆனால் சுட்டும் வேலையைச் செய்வது அந்தக் காரணம் அன்று, வழக்கே என்பது அவர்கள் கண்டது. காரணம் பெயர் பிறப்பதற்குத் துணைசெய்துவிட்டுப் பின் ஒதுங்கிக்கொள்கிறது.

தொடக்கநிலையில் இருப்பவர் கோப்புக்கு இடும் பெயர் ஏறக்குறைய எப்போதும் காரணப்பெயராகவே அமைகிறது. அதிலும், விரைவில் அழியக்கூடிய காரணத்தையே அவர் தேர்ந்துகொள்கிறார். ‘புதியது’ என்று பெயரிடப்பட்ட பக்கம் ஓராண்டில் பழையதாகிறது. ‘இறுதி வடிவம்’ என்பதைத் தொடர்ந்து இன்னோர் இறுதி வடிவம் வருகிறது. ‘பக்கம் இரண்டு’ என்பது இடையில் வேறொரு பக்கம் செருகப்பட்டவுடன் மூன்றாவதாகிறது. அலுவலகப் பிரிவு ஒன்றின் பெயரையோ பொறுப்பாளரின் பெயரையோ தாங்கிய கோப்பு, பிரிவு கலைக்கப்பட்ட அன்று அல்லது பொறுப்பாளர் மாறிய அன்று பொய் சொல்லத் தொடங்குகிறது. பெயர் பொய்யாவதைப் பொறுக்காத நேர்மையாளர் அதைத் திருத்துகிறார். திருத்தியதால் வெளியிலுள்ள இணைப்புகள் அறுகின்றன. நேர்மையே இழப்புக்குக் காரணமாவது இங்குள்ள வேதனையான முரண். சோம்பலால் பெயரை மாற்றாமல் விட்டவரின் பக்கத்தை இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அடையமுடிகிறது. ஒழுங்கை விரும்பி ஆண்டுதோறும் சீர்திருத்தியவரின் பக்கங்களை அடைய வழியில்லாமல் போகிறது.

காரணம் அழிந்த பின்னும் பெயர் நிற்கலாம் என்பதைத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளிவந்த தம் தருக்கநூலில் விளக்கினார். இங்கிலாந்தில் டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் டார்ட்மவுத் எனப் பெயர்பெற்ற ஊரில், மணல் தூர்ந்து முகத்துவாரம் அடைபட்டாலும், நிலநடுக்கத்தால் ஆறு வழிமாறிப் போனாலும், ஊரின் பெயர் மாறவேண்டியதில்லை என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. சோல் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றி, 1980இல் நூலாக வெளியிட்ட சொற்பொழிவுகளில் இதை மேலும் விரித்து, ஒரு பெயர் தன் பொருளைச் சுட்டுவது அப்பொருளைப் பற்றிய வருணனையால் நிகழ்வதில்லை என்றும், தொடக்கத்தில் ஒருமுறை நிகழ்ந்த பெயரிடுதலிலிருந்து ஒருவர் மற்றொருவரிடம் பெற்று வழங்கும் சங்கிலியால் நிகழ்கிறது என்றும் வாதிட்டார். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவர் முதல் பெயரிடுதலைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருக்கலாம். பொருளைப் பற்றித் தவறான கருத்து உடையவராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் வழங்கும் பெயர் அந்தப் பொருளையே சுட்டும். இணைய இணைப்பு என்பது இந்தச் சங்கிலியைக் கண்ணால் காணக்கூடிய வடிவத்தில் அமைத்ததாகும். ஒருவர் முகவரியைப் படியெடுக்கிறார். அதை இன்னொருவர் படியெடுக்கிறார். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப்பார்க்காதவரும் அதைச் சரியாகக் கடத்திவிட முடிகிறது.

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998இல் எழுதிய சிறு கட்டுரை இந்தத் தத்துவப் பின்னணி எதையும் பேசாமலே அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. முகவரிகள் மாறவேண்டும் என்பதற்குக் கொள்கை அளவில் எந்தத் தேவையும் இல்லை. பராமரிப்பவர்களின் தேவைகளும் அவர்களின் முன்யோசனைக் குறைவும்தான் அவற்றை மாற்றுகின்றன என்பது அவருடைய கருத்து. ஆகவே எழுதியவரின் பெயர், பொருள்வகை, ‘வரைவு’ அல்லது ‘புதியது’ போன்ற நிலைக்குறிப்பு, யார் பார்க்கலாம் என்னும் அனுமதிக்குறிப்பு, கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டு, பக்கத்தை உருவாக்கும் மென்பொருளின் அடையாளம் ஆகிய அனைத்தையும் முகவரியிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். இவற்றுள் பொருள்வகையை நீக்கச் சொன்னது பலருக்கு வியப்பளிக்கலாம்; ஆயின் அறிவைப் பிரிக்கும் முறைகளே தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன என்பதால் அந்த எச்சரிக்கை ஆழமானது. அவர் வைத்துக்கொள்ளச் சொன்னது பக்கம் உருவான தேதியை மட்டுமே. ஏனெனில் பிறந்த நாள் பின்னர் மாறுவதில்லை. கிரிப்கியின் மொழியில் கூறினால், பெயரிடு நிகழ்வைத் தவிர வேறெதையும் பெயரில் ஏற்றவேண்டாம் என்பதே இது.

இந்த அறிவுரையை முழுமையாக ஏற்பதில் ஒரு தடை உண்டு. தேதியும் எண்ணும் மட்டுமே கொண்ட பெயர் மனித நினைவில் தங்குவதில்லை. ஒருவர் இன்னொருவரிடம் வாயால் சொல்லிக் கடத்த முடியாத பெயர், சங்கிலியின் கண்ணிகளுள் ஒருவகையை இழந்துவிடுகிறது. தன் ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு மாணவர் பக்கம் அமைத்தால், அதற்கு எண்களை மட்டும் பெயராக இடுமாறு அவரிடம் சொல்வது, நிலைபேற்றின் பொருட்டு நினைவைப் பலிகொடுப்பதாகும். ‘கல்வெட்டு’ என்னும் ஒற்றைச் சொல்லோடு ஆண்டைச் சேர்த்து அவர் பெயரிட்டால், பெயர் பிறந்த காரணமும் அதில் இருக்கும். பின்னர் அந்தப் பக்கம் கோயிலின் ஓவியங்களையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தாலும் பெயரை மாற்றத் தோன்றாது. முள்ளி என்னும் பெயரின் வகையே கோப்புகளுக்குப் பொருந்தும் வகை. அகலமான காரணத்தைத் தேர்ந்து, பெயரிட்ட பின் அந்தக் காரணத்தை மறந்துவிடுவதே இதற்கு உரிய வழி.

பெயர் எதைச் சுட்டுகிறது என்பதற்கு முன்னதாகவே நிற்கும் இன்னொரு வினா, இரண்டு இடங்களில் காணப்படுவது ஒரே பெயர்தானா என்பது. ரோமன் எழுத்துகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இரு வடிவங்கள் உண்டு. விண்டோஸ் இயங்குதளம் கோப்புப் பெயர்களில் இவற்றை வேறுபடுத்துவதில்லை. லினக்ஸ் இயங்கும் சர்வர்கள் வேறுபடுத்துகின்றன. அதனால் வீட்டுக் கணினியில் பிழையின்றித் தோன்றிய படம், தளம் ஏற்றப்பட்டபின் காணாமல் போகிறது. கற்பவர் தம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்களை மாறிமாறிப் பார்த்து மனம் சோர்கிறார். நேற்று ஒலித்த ககரமும் இன்று ஒலிக்கும் ககரமும் ஒன்றுதானா என்று மீமாஞ்சை, நியாயம் என்னும் இந்தியத் தத்துவ மரபுகளைச் சேர்ந்த மீமாஞ்சையரும் நியாயத்தாரும் நடத்திய வாதம் இதற்கு நெருக்கமானது. கேட்பவர் ‘அதே எழுத்து’ என்று மீண்டும் இனங்காண்பதால் எழுத்து ஒன்றே, அழிவற்றது, ஒலிப்பு அதை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை என்றனர் மீமாஞ்சையர். ஒலி தோன்றி அழிவது, ஒவ்வொரு முறையும் புதியது, ஒற்றுமை என்பது ஓரினத்தைச் சேர்ந்தமையால் தோன்றுவது என்றனர் நியாயத்தார். இரு தரப்பும் கேட்பவரின் உணர்வையே சான்றாகக் கொண்டன. சர்வருக்கு அத்தகைய உணர்வு இல்லை. எண்களின் வரிசை ஒத்தால் ஒன்று, ஒவ்வாவிட்டால் வேறு என்பதற்கு மேல் அது அறிவதில்லை. ஆகவே மனிதர் தம் இனங்காணும் ஆற்றலை நம்பாமல், சிறிய எழுத்தையே எங்கும் ஆள்வது, இடைவெளிக்குப் பதில் சிறுகோடு இடுவது போன்ற கட்டுப்பாடுகளைத் தாமே ஏற்கவேண்டியிருக்கிறது.

தமிழில் பெயரிட விரும்புவோருக்கு இது இன்னும் கூர்மையான சிக்கலாகிறது. இணைய முகவரியின் அடிப்படை விதிகள் ரோமன் எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே நேரடியாக அனுமதிக்கின்றன. பிற எழுத்துகளை விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களும் கொண்ட துண்டுகளாக மாற்றி எழுதவேண்டும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளாவதால் ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்கிறது. ‘அறம்’ என்னும் சொல், மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடாக எண்ணப்படுவதால், நான்கு குறியீடுகளாகி 36 இடங்களுக்கு விரிகிறது. வேர்டுபிரஸ் முகவரிப் பெயருக்கு 200 இடங்களையே ஒதுக்குவதால், நீண்ட தமிழ்த் தலைப்புகள் சொல்லின் நடுவிலேயே துண்டிக்கப்படுகின்றன. தமிழ்த் தளங்களை நடத்துவோர் பலர் முகவரிப் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் இட்டுக்கொள்வதற்கு இதுவே காரணம். உலகின் எந்த மொழிக்கும் இடுகுறி ஒன்றுதான் என்பது தத்துவத்தில் சரியாக இருக்கலாம். நடைமுறையில் சில மொழிகளின் குறிகள் சுருக்கமாகவும் சில மொழிகளின் குறிகள் சிதைந்தும் செல்வது நீதியானதன்று.

இனி, பெயரைத் தாங்குவது யார் என்னும் மைய வினாவுக்கு வரலாம். சைமினியின் மீமாஞ்சா சூத்திரம் முதல் அத்தியாயத்திலேயே, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு எவராலும் உண்டாக்கப்படாதது, இயல்பாகவே என்றும் உள்ளது என்று நிலைநாட்டுகிறது. வேதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று கொள்ளும் அந்த மரபுக்கு இக்கொள்கை இன்றியமையாதது. தொடர்பை ஒருவர் உண்டாக்கினார் என்றால், அவர் தவறியிருக்கவும் கூடும், தொடர்பு அவரோடு அழியவும் கூடும். நியாய மரபு இதை மறுத்து, தொடர்பு என்பது சங்கேதம், அதாவது இச்சொல்லால் இப்பொருள் உணரப்படுக என்னும் உடன்பாடு என்றது. அந்த உடன்பாட்டின் மூலத்தை இறைவனின் விருப்பத்தில் கண்டது. இங்கே ஒரு நுண்ணிய வினா எழுந்தது. ஒரு தந்தை தன் குழந்தைக்கு இன்று இடும் பெயரில் இறைவனின் விருப்பம் எங்கே உள்ளது? பிறந்தபின் குறித்த நாளில் தந்தை பெயரிடவேண்டும் என்று மறை விதித்திருப்பதால், அந்த விதியின் வழியே இறைவனின் விருப்பம் அப்பெயரையும் உள்ளடக்கிவிடுகிறது என்று பிற்கால நியாய ஆசிரியர்கள் விடை கண்டனர். ஆனால் இலக்கணிகள் போன்றோர் தம் துறையின் தேவைக்காகப் புதிதாக இட்டுக்கொள்ளும் பெயர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாணினி சில பெண்பாற் சொற்களுக்கு ‘நதி’ என்று பெயரிட்டது அத்தகையது. அதைப் பரிபாஷை, அதாவது துறைக்குள் செல்லும் குழூஉக்குறி என்று தனியே வைத்தனர்.

கோப்பின் பெயர் ஐயமின்றிப் பரிபாஷை வகையைச் சேர்ந்தது. அதற்கு இயல்பான என்றுமுள தொடர்பும் இல்லை; இறைவிருப்பத்தின் காவலும் இல்லை; ஒரு மனிதர் ஒரு நாளில் எடுத்த முடிவும், அந்த முடிவை அவர் தொடர்ந்து காப்பதும் மட்டுமே அதன் ஆதாரம். 1994இல் தொடங்கி, 1999இல் யாஹூ வாங்கிய ஜியோசிட்டீஸ் தளத்தில் எளிய மனிதர் பலர் தம் முதல் பக்கங்களை அமைத்தனர். அங்கே கல்வி, எழுத்து, தத்துவம் ஆகியவற்றுக்கான பகுதிக்கு ஏதென்ஸ் என்று பெயர். அதில் இடம்பெற்றவருக்கு வீட்டு எண்போல ஓர் எண் தரப்பட்டது. அந்த எண்கள் பெர்னர்ஸ் லீ விரும்பியிருக்கக்கூடிய தூய இடுகுறிகள். அழியும் காரணம் எதுவும் அவற்றில் இல்லை. ஆயினும் 2009 அக்டோபரில் அமெரிக்க ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அவை அனைத்தும் ஒரே நாளில் சுட்டும் ஆற்றலை இழந்தன. நல்ல பெயர் நிலைக்கும் என்பதைவிட, காக்கப்படும் பெயர் நிலைக்கும் என்பதே உண்மைக்கு நெருக்கமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. டொமைன் எனப்படும் தளப்பெயரும் விலைக்கு வாங்கும் சொத்தன்று. பொதுவான தளப்பெயர்களை ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கே பதிவுசெய்ய முடியும், பின்னர் புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்காதவரின் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்னும் எண்ணடையாளத்தை வழங்கும் முறையும், நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் 2001 முதல் பயன்படுத்தத் தொடங்கிய ஆர்க் என்னும் அடையாள முறையும் இந்த உண்மையிலிருந்தே பிறந்தன. அவற்றுள் ஆர்க் முறையை வகுத்தவர்கள் தத்துவத் தெளிவோடு ஒன்றைக் கூறினர்: நிலைபேறு என்பது பொருளில் இயல்பாக உள்ள குணமும் அன்று, பெயரை எழுதும் முறையால் வந்து சேர்வதும் அன்று, ஒருவர் பொறுப்பேற்றுச் செய்யும் சேவையால் மட்டுமே அது உண்டாகிறது. மீமாஞ்சையரின் விடை இங்கே செல்லாது என்பதும், நியாயத்தாரின் விடை இறைவனை நீக்கிய பின்னும் ஒரு பகுதி செல்லும் என்பதும் இதன் பொருள். நியாயத்தில் சொல்லின் சான்றுத்தன்மை ஆப்தனைச் சார்ந்தது. ஆப்தன் என்பவன் பொருளை உள்ளபடி அறிந்தவன், அறிந்ததை மறைக்காமல் பிறருக்கு உரைக்க விரும்புபவன். பக்கத்தின் பெயருக்கு ஆப்தன் அதைக் காப்பவர்தான். இறைவனுக்கு இல்லாத ஒரு குறை அவருக்கு உண்டு. அவர் மூப்படைவார், மறப்பார், இறப்பார். ஆகவே அவருடைய பொறுப்பு, தமக்குப் பின் யார் இதைக் காப்பார் என்பதை ஏற்பாடு செய்வதையும் உள்ளடக்கியது.

இந்தப் பொறுப்பு எந்த அளவுக்குக் கைவிடப்பட்டிருக்கிறது என்பதைக் கணக்குகள் காட்டுகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் மேற்கோளாகக் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய செய்தியைத் தருவதில்லை என்று ஜோனதன் சிட்ரெய்ன், கெண்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெஸிக் ஆகியோரின் ஆய்வு கண்டறிந்தது. 2013இல் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. தீர்ப்பு எழுதிய நீதிபதிக்கும், சுட்டப்பட்ட பக்கத்துக்குப் பெயரிட்டவருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஒருவர் பொதுவெளியில் ஒரு பெயரை அறிவித்தார், மற்றவர் அதை நம்பினார், அவ்வளவே. அறிவித்தலே ஒரு வாக்குறுதி என்று கொண்டாலன்றி இந்த நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் இல்லை.

வாக்குறுதி என்றால் எதைப் பற்றிய வாக்குறுதி என்பதும் ஆராயத்தக்கது. பழைய தொடக்கநிலை மென்பொருள்களில் பெயருக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு கோப்பு இருந்தது. வேர்டுபிரஸ் போன்றவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. யாரேனும் முகவரியைக் கேட்கும் கணத்தில், எழுத்துகள் தரவுத்தளத்திலிருந்தும், வடிவமைப்பு வார்ப்புருவிலிருந்தும், படங்கள் வேறோர் இடத்திலிருந்தும் எடுக்கப்பட்டுப் பக்கம் தொகுக்கப்படுகிறது. மிலிந்தன் என்று பௌத்த நூல் அழைக்கும் கிரேக்க மன்னன் மெனாண்டருக்கு நாகசேனர் தேரைக் காட்டி விளக்கியதும் இதுவே. சக்கரம் தேரன்று, அச்சு தேரன்று, அவற்றைத் தவிர்த்து வேறொரு தேரும் இல்லை. உறுப்புகள் கூடியிருப்பதைச் சார்ந்து தேர் என்னும் பெயர் வழங்குகிறது. அவ்வாறாயின் உறுப்புகள் அனைத்தும் மாறிய பின்னும் அதே பெயர் வழங்கினால், சுட்டப்படுவது அதே பக்கமா? பௌத்த மரபு, அதுவே என்றும் சொல்லவில்லை, வேறு என்றும் சொல்லவில்லை. இடையறாத் தொடர்ச்சி என்றது. பக்கங்களுக்கு இந்த விடை ஒரு நிபந்தனையோடு பொருந்தும். ஒரு மருந்தின் அளவைக் குறித்த பக்கம், அதே முகவரியில், நேற்றுச் சொன்னதற்கு மாறாக இன்று சொன்னால், மேற்கோள் காட்டியவரின் இணைப்பு அறுந்ததாகத் தெரியாது. ஆனால் அவர் சொல்லாததைச் சொன்னவராக ஆக்கப்பட்டுவிடுவார். அறுந்த இணைப்பைவிட இது கொடியது, ஏனெனில் எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆகவே மாற்றத்தைப் பக்கத்திலேயே தேதியோடு குறிப்பதும் பெயரைக் காப்பதன் பகுதியாகிறது. 1996இல் நிறுவப்பட்ட இண்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகம் பழைய பக்கங்களின் படிகளுக்கு முகவரி அமைக்கும்போது, ஆண்டு முதல் விநாடி வரை குறிக்கும் 14 இலக்கங்களைப் பழைய முகவரிக்கு முன் சேர்க்கிறது. பெயர் மட்டும் போதாது, பெயரும் காலமும் சேர்ந்தே ஒரு கூற்றைச் சுட்டமுடியும் என்பதை அந்த எளிய ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

எல்லாப் பக்கங்களும் என்றும் நிற்கவேண்டும் என்று கோருவது நியாயமன்று. எழுதியவருக்கு அழிக்கும் உரிமையும் உண்டு. அழிவை எப்படி அறிவிப்பது என்பதே மிஞ்சும் வினா. நியாய வைசேடிக மரபு இன்மையையும் ஒரு பதார்த்தமாக, அதாவது பொருள்வகையாகக் கொண்டு அதை நான்காக வகுத்தது. குடம் வனையப்படுவதற்கு முன் இருக்கும் இன்மை பிராகபாவம். உடைந்த பின் வரும் இன்மை பிரத்வம்சாபாவம். காற்றில் நிறம் இல்லாமைபோல என்றும் உள்ள இன்மை அத்தியந்தாபாவம். குடம் துணியன்று என்பதுபோல ஒன்று மற்றொன்றாகாமை அன்னியோன்னியாபாவம். சர்வர் தரும் 404 என்னும் விடை ‘காணப்படவில்லை’ என்று மட்டுமே சொல்கிறது. இனிமேல் வரவிருக்கும் பக்கமா, இருந்து அழிந்ததா, என்றுமே இல்லாததா, கேட்டவர் பெயரைப் பிழையாக எழுதினாரா என்னும் வேறுபாடுகள் அனைத்தும் அந்த ஒரே எண்ணில் கரைந்துவிடுகின்றன. இருந்த பக்கம் வேண்டுமென்றே நீக்கப்பட்டது என்று அறிவிக்க 410 என்னும் வேறோர் எண்ணும் உண்டு. பிரத்வம்சாபாவத்தை வலை அறிந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. வேறிடத்துக்கு நிலையாகப் பெயர்ந்தது என்று சொல்ல 301 உண்டு. ஆயினும் தொடக்கநிலை மென்பொருள்களில் ‘நீக்கு’ என்னும் பொத்தானை அழுத்துபவரிடம் இவற்றுள் எது வேண்டும் என்று பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. அவர் அழித்தது, என்றுமே இல்லாததோடு சேர்த்து எண்ணப்படுகிறது. அதைத் தவிர்க்க விரும்புபவர் மென்பொருள் திருந்தும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. பக்கத்தை நீக்காமல் அதன் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, இங்கே இன்னது இருந்தது, இந்த நாளில் இன்ன காரணத்தால் நீக்கப்பட்டது, இது வேண்டுவோர் இன்ன இடத்தில் தேடலாம் என்னும் மூன்று செய்திகளை அதே கோப்புப் பெயரில் எழுதிச் சேமித்துவிடலாம். சர்வரின் கணக்கில் அது இன்னும் உள்ள பக்கமாகவே எண்ணப்படும், ஆனால் அந்த முகவரியை நம்பி வந்தவருக்கு உண்மை கிடைத்துவிடும்.